சின்ன லேப்டாப்பா, பவர்ஃபுல் லேப்டாப்பா? டெல்டாவில் வாங்குபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்து காலேஜில் இடம் உறுதியானதும் டெல்டா வீடுகளில் அடுத்த பேச்சு லேப்டாப்தான். பையன் கீபோர்டில் கலர் கலராக விளக்கெரியும் கேமிங் மாடலைக் காட்டுவான். "படிக்கிறதுக்கு எதுக்குடா இவ்ளோ?" என்பார் அப்பா. சென்னையில் ஐ.டி.யில் இருக்கும் சித்தப்பா போனில் மூன்றாவதாக ஒரு மாடல் சொல்வார். கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்பவருக்கும், மன்னார்குடியில் டேலியில் கணக்கு போடுபவருக்கும், இ-சேவை மையம் நடத்துபவருக்கும் இதே குழப்பம் வேறு மாதத்தில் வருகிறது. சொந்தக்காரர்களில் பலர் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போகிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

சின்ன லேப்டாப் என்று நான் சொல்வது 13 அல்லது 14 அங்குலத் திரை, 1.2 முதல் 1.5 கிலோ எடை, தனி கிராஃபிக்ஸ் கார்டு (படம், வீடியோ வேலைக்கென்றே இருக்கும் பாகம்) இல்லாத, 65 வாட் யூ.எஸ்.பி. சி சார்ஜரில் ஓடும் மாடல். பவர்ஃபுல் என்பது 15.6 அல்லது 16 அங்குலம், 2.2 கிலோவுக்கு மேல், தனி கிராஃபிக்ஸ் கார்டு, கூடவே 180 முதல் 240 வாட் வரையிலான செங்கல் சைஸ் சார்ஜர். இந்த இரண்டிலும் சேராத ஒன்றும் கடையில் நிறைய இருக்கும்: 15.6 அங்குலத் திரையில், உள்ளே சின்ன லேப்டாப்பின் பிராசஸரையே வைத்து மலிவாக விற்பது. பார்க்கப் பெரிதாக இருப்பதால் பவர்ஃபுல் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். வேகமும் இல்லை, எடையும் குறையவில்லை. நம்பர் கீபேடு வேண்டும் என்பவரைத் தவிர மற்றவர்களுக்கு அதை நான் சொல்வதில்லை.

பவர்ஃபுல் லேப்டாப்பின் பவர் சுவரில் சொருகியிருக்கும்வரைதான். பேட்டரிக்கு மாறியதும் பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் தங்கள் வாட்டைக் குறைத்துக்கொள்ளும். பாதி வேகம் கிடைத்தால் பெரிது. அதனால் எவ்வளவு வேகம் வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் கனமான வேலை எந்த பிளக் பாயின்டுக்குப் பக்கத்தில் நடக்கப்போகிறது என்று கேட்க வேண்டும். கரண்ட், வெயில், பஸ் எல்லாம் இதில் சேர்ந்துவிடும். மேக்புக் இதற்கு விதிவிலக்கு. ஆப்பிளின் எம் வரிசைச் சிப் பேட்டரியிலும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடும். அதற்கு வேறு நிபந்தனைகள் உண்டு, பிறகு சொல்கிறேன்.

முதல் படி: இப்போதைய கம்ப்யூட்டர் எதனால் திணறுகிறது?

வீட்டிலோ கடையிலோ ஏற்கெனவே ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால், புதியதைத் தேடும் முன் அதையே சாட்சி சொல்ல வையுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், வழக்கமாக எது ஹேங் ஆகிறதோ அந்த வேலையையே செய்யுங்கள். ஆல்பம் டிசைன் என்றால் பத்துப் பதினைந்து பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். டேலி என்றால் கூடவே பிரௌசரில் ஜி.எஸ்.டி. தளமும் எக்ஸெல்லும் இருக்கட்டும்.

டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு மற்றவை சும்மா இருந்தால், உள்ளே பழைய ஹார்டு டிஸ்க் இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கழற்றி எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பு டிஸ்க் போட்டால் கம்ப்யூட்டர் புதிதுபோல ஓடும். லேப்டாப் வாங்க வந்த சிலரை இந்த இடத்திலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்கள் விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் பெரும்பாலும் இல்லை. அவ்வளவு பழைய மெஷினில் வரி, பேங்க் வேலை செய்பவர் மாற்றிவிடுவதே நல்லது.

மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டினால் குறை ரேமில். இதற்கு மருந்து 16 ஜி.பி. ரேம் உள்ள சின்ன லேப்டாப்; கேமிங் மாடல் தேவையில்லை. சி.பி.யு. (பிராசஸர்) பல நிமிடம் 100-ல் நின்றால்தான் எச் என்ற வேக வகைப் பிராசஸரைப் பற்றி யோசிக்க வேண்டும். ஜி.பி.யு. (கிராஃபிக்ஸ் சிப்) அப்படி நின்றால் தனி கிராஃபிக்ஸ் கார்டு உங்களுக்குப் பயன்படும். இந்த நாலும் சாதாரணமாக இருந்து பிரௌசர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் இன்டர்நெட்தான் மெதுவாக இருக்கிறது. அதற்கு எந்த லேப்டாப்பும் பதில் சொல்லாது.

இரண்டாம் படி: வேலை எந்த வகை?

பி.காம்., பி.ஏ., கணிதம், பி.எட்., டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், பவர்பாயின்ட், ஆன்லைன் வகுப்பு: எல்லாம் சின்ன லேப்டாப் வேலை. யோசிக்கவே வேண்டாம். டேலிக்காரர்கள் ஒன்றுக்கு மட்டும் வருத்தப்படுவார்கள்: 14 அங்குலத்தில் பெரும்பாலும் நம்பர் கீபேடு இருக்காது. தனியாக யூ.எஸ்.பி. நம்பர் பேடு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதற்காக ஒரு கிலோ கூடுதலாகத் தூக்க வேண்டாம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். "இன்ஜினியரிங்னா பவர்ஃபுல் வேணும்" என்று சொல்லியே விற்றுவிடுவார்கள். பைதான், ஜாவா, வெப் டெவலப்மென்ட், டேட்டாபேஸ் எல்லாம் 16 ஜி.பி. ரேம் உள்ள சின்ன லேப்டாப்பில் தாராளமாக ஓடும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எமுலேட்டர் (திரையில் ஓடும் போலி போன்) திறந்தால்தான் கொஞ்சம் மூச்சு வாங்கும். போனையே கேபிளில் மாட்டிச் சோதித்தால் அதுவும் தீரும். மெஷின் லேர்னிங் பாடத்துக்கு கூகுள் கொலாப் என்ற தளம் இலவசமாகவே ஓரளவுக்கு ஜி.பி.யு. தருகிறது. கல்லூரி லேபும் இருக்கிறது. வீட்டிலேயே மாடல் பயிற்சி செய்தே தீருவேன் என்பவருக்கு என்விடியா கம்பெனியின் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். அதில் கார்டின் சொந்த மெமரி எத்தனை ஜி.பி. என்பதுதான் முக்கியம்.

மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர் கதை வேறு. ஆட்டோகேடில் 2டி வரைவது பெரும்பாலும் பிராசஸரின் ஒரே ஒரு கோரின் வேகத்தைத்தான் நம்பியிருக்கிறது. நல்ல சின்ன லேப்டாப்பே போதும். 3டியில் சாலிட்வொர்க்ஸ் அசெம்பிளி, ரெவிட் மாடல், அதன்மேல் ரெண்டர் (முழுப் படமாக்குவது) என்று போகும்போது தனி கார்டும் 16 முதல் 32 ஜி.பி. ரேமும் தேவைப்படும். இந்த இரண்டு மென்பொருளும் மேக்கில் நேரடியாக ஓடாது. முதலாம் ஆண்டில் இதெல்லாம் பாடத்தில் வருவதே குறைவு. மூன்றாம் ஆண்டில் வரப்போகும் வேலைக்கு முதல் ஆண்டே பணம் போட வேண்டுமா என்று சீனியர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கல்யாண போட்டோ, வீடியோ தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி நிஜமாகவே கனமானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆல்பம் டிசைனுக்கு ரேமும் திரையும்தான் உயிர். போட்டோஷாப்பில் பெரிய ஷீட்டுகளை அடுக்கடுக்காகத் திறந்து வைப்பவருக்கு 16 ஜி.பி. சீக்கிரமே போதாமல் போகும், 32 வைத்துக்கொள்ளுங்கள். திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கு 100 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி. என்று போட்டிருக்க வேண்டும். 45 சதவீதம் என்.டி.எஸ்.சி. என்று இருந்தால் மணப்பெண்ணின் அரக்குப் பட்டு திரையில் ஒரு நிறம், பிரின்டில் ஒரு நிறம் என்று வரும். கேமிங் லேப்டாப்பாக இருந்தாலும் மலிவான மாடல்களில் இந்த மட்டமான திரை வருவதுண்டு.

வீடியோவில் கவனிக்க வேண்டியது கேமரா எந்த ஃபார்மட்டில் பதிவு செய்கிறது என்பது. இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பல நிற விவரம் அதிகமாகப் பதியும் 10 பிட், 4:2:2 என்ற வகையில், இறுக்கிச் சுருக்கிய எச்.265 கோப்பு தருகின்றன. அந்த வகையை நேரடியாகப் படிக்கும் வசதி கடந்த சில வருட இன்டெல் பிராசஸர்களுக்குள்ளேயே இருக்கிறது. என்விடியாவில் ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் வந்தது; 4050, 4060 போன்ற 40 வரிசையில் இல்லை. அதனால் 40 வரிசைக் கார்டும் ஏ.எம்.டி. பிராசஸரும் சேர்ந்த விலையுயர்ந்த லேப்டாப்பில் டைம்லைன் தடுக்கித் தடுக்கி ஓட, அதைவிட விலை குறைந்த இன்டெல் லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கலாம். எஃபெக்ட், கலர் கரெக்ஷன், எக்ஸ்போர்ட் என்று வரும்போது கார்டின் பலம் தெரியும். சாதாரண 8 பிட், 4:2:0 பதிவுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் சின்ன நகல்) செய்துகொண்டு எடிட் பண்ணும் பழக்கம் இருந்தால் சின்ன லேப்டாப்பிலேயே 4கே கல்யாணத்தை முடிக்கலாம்; எக்ஸ்போர்ட்டை மட்டும் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்க வேண்டியதுதான். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தம் வரிசை கட்டும்போது அந்த ராத்திரிகள் போதாது என்றால், அப்போது பெரிய மெஷினுக்குப் போங்கள்.

இ-சேவை மையம், ஆடிட்டர் ஆபீஸ், பத்திரம் எழுதுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கைரேகைக் கருவி, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், பழைய பிரின்டர் எல்லாம் டிரைவர் என்ற துணை மென்பொருளை நம்பி ஓடுபவை. ஸ்னாப்டிராகன் பிராசஸர் போட்ட விண்டோஸ் லேப்டாப்புகள் மெலிசாக, பேட்டரி நன்றாக நிற்பவையாக இருக்கும். ஆனால் அதற்கென்றே எழுதிய டிரைவர் இல்லாவிட்டால் கருவி வேலை செய்யாது. மேக்கில் டேலியும் நேரடியாக ஓடாது. இவர்களுக்கு இன்டெல் அல்லது ஏ.எம்.டி. போட்ட சின்ன லேப்டாப்தான் சரி.

மூன்றாம் படி: கரண்ட் கணக்கு

டெல்டாவில் இந்தக் கணக்கைப் போடாமல் லேப்டாப் வாங்கக் கூடாது என்பது என் கட்சி. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை ஒரு நாள் மின்தடை அறிவிப்பு பேப்பரில் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அறிவிப்பு இல்லாமலும் போகும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்த பிறகு வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரி வைத்த இன்வெர்ட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேப்பரில் அது 1,800 வாட் ஹவர். மாற்றும்போது வீணாவது, முழுக்க வடிய விடாமல் வைப்பது எல்லாம் போக 1,100 வரை கைக்குக் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பழைய ஃபேன் 150 வாட், விளக்குகள் 30 வாட், மொத்தம் 180. இதோடு சின்ன லேப்டாப் வேலை செய்யும்போது 25 வாட் எடுக்கும், 205 ஆகிறது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். அதே இன்வெர்ட்டரில் பவர்ஃபுல் லேப்டாப்பில் வீடியோ ரெண்டர் போட்டால் அது மட்டும் 170 வாட் போல இழுக்கும். மொத்தம் 350 ஆகி, மூன்று மணி நேரத்தில் வீடே இருட்டாகிவிடும். பேட்டரி பழசாகியிருந்தால் இன்னும் சீக்கிரம்.

இன்வெர்ட்டரை நம்பாமல் லேப்டாப் பேட்டரியிலேயே ஓட்டினால்? சின்ன லேப்டாப்பில் 50, 60 வாட் ஹவர் பேட்டரி இருக்கும். டைப்பிங், பிரௌசிங் என்று 8, 10 வாட்டில் ஓடினால் ஐந்து, ஆறு மணி நேரம். பவர்ஃபுல் மாடலில் 90 வாட் ஹவர் பேட்டரி கொடுத்திருந்தாலும், கனமான வேலை போட்டால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் சார்ஜரைத் தேடும். இன்னொரு வசதியும் சின்னதுக்கு உண்டு. யூ.எஸ்.பி. சி சார்ஜர் என்பதால், 65 வாட் தரும் பவர் பேங்கிலேயே ஏற்றிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ராத்திரி பத்து மணிக்கு அசைன்மென்ட் அப்லோடு செய்பவருக்குத் தெரியும்.

பம்ப்செட் ஓடும் நேரத்தில் கிராமத்தில் வோல்டேஜ் இறங்குவதைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் இன்புட் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். 170 வோல்டுக்கு இறங்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. இடி மின்னலுக்குத்தான் பயப்பட வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வரும்போது பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். லேண்லைன், ஃபைபர் மோடத்திலிருந்து வரும் லேன் வயரையும் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் எர்த். அலுமினிய உடம்பு உள்ள சின்ன லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து மணிக்கட்டை வைத்தால் சுர்ரென்று ஒரு கூச்சம் தெரியும். லேப்டாப் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டி வழியாகக் கசியும் மிகச் சிறிய கரண்ட் அது. எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்கிலும், பழைய ஓட்டு வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்கு வயரே போகாத பிளக் பாயின்டிலும் அது வெளியேற வழி இல்லை. மூன்று பின் கேபிளும் ஒழுங்கான எர்த்தும் இருந்தால் நின்றுவிடும். சுரீரென்று பலமாக அடித்தால் அது வேறு. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நான்காம் படி: யார் தூக்குவது?

மயிலாடுதுறையிலிருந்து ரயிலில் குத்தாலம், ஆடுதுறை, கும்பகோணம், பாபநாசம் தாண்டி தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் தினமும் போய்வரும் மாணவர்கள் எத்தனையோ பேர். கும்பகோணம் - தஞ்சாவூர் பஸ்ஸில் காலை நேரத்தில் நின்றுகொண்டுதான் போக வேண்டும், பை முதுகிலிருந்து வயிற்றுக்கு வந்துவிடும். சின்ன லேப்டாப்பும் சார்ஜரும் சேர்ந்து 1.6 கிலோ. பவர்ஃபுல் மாடல் 2.4, அதன் சார்ஜர் 0.7 என்று வைத்தால் 3 கிலோவுக்கு மேல். இதோடு ரெக்கார்டு நோட்டு, டிபன் பாக்ஸ், ஒரு லிட்டர் தண்ணீர். முதல் மாதம் ஆசையாகத் தூக்கிப் போவார்கள், அப்புறம் அது வீட்டு மேசையை விட்டு நகராது. வகுப்பில் லேப்டாப் இல்லாமல் உட்காருவதற்கா அவ்வளவு விலை?

ஹாஸ்டலில் தங்குபவருக்கு இந்தக் கணக்கு மாறும். வல்லம் பக்கமோ துவாக்குடியிலோ தங்கிப் படிக்கும் மெக்கானிக்கல் மாணவருக்கு லேப்டாப் ரூமுக்கும் லேபுக்கும் நடுவில்தான் நடக்கப்போகிறது. பெரியது வாங்கினாலும் பாதகமில்லை. அறையில் மூன்று பேருக்கு எத்தனை பிளக் பாயின்ட் என்று மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வெயில், தூசி, உப்புக்காற்று

லேப்டாப் கம்பெனிகள் பலவும் 35 டிகிரி வரைதான் இயக்கச் சூழல் என்று குறிப்பிடுகின்றன. மேக்புக்கிலும் அதே 35 தான். சித்திரை, வைகாசியில் திருச்சி 40-ஐத் தொடுவது புதிதில்லை. மாடியில் தகர ஷீட் போட்ட ஸ்டுடியோவின் சூட்டைச் சொல்லவே வேண்டாம். வெளிக்காற்றே சூடாக இருந்தால் ஃபேன் என்ன சுற்றினாலும் உள்ளே சூடு இறங்காது, பிராசஸர் தானாக வேகத்தைக் குறைக்கும். 115 வாட் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்த காசு ஏ.சி. இல்லாத அறையில் மதியம் மூன்று மணிக்கு முழுசாகத் திரும்பி வராது. மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது. சத்தமும் இல்லை, தூசி உறிஞ்சும் வேலையும் இல்லை, ஆனால் நீண்ட ரெண்டர் போட்டால் அதுவும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

தை, மாசியில் சம்பா அறுவடைக்கு மிஷின் இறங்கினால் வயலோரத்து வீடுகளில் பதர்த் தூசி எல்லாவற்றிலும் படிகிறது. பெரிய ஃபேன் இரண்டு வைத்த லேப்டாப் அதையெல்லாம் அடியிலிருந்து உறிஞ்சி சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் வாயில் மெத்தைபோலச் சேர்த்துவைக்கும். ரைஸ் மில் ஆபீஸில் வைப்பதற்குப் பவர்ஃபுல் லேப்டாப் சரிவராது. வைத்தே ஆக வேண்டும் என்றால் அறுவடை முடிந்ததும் வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாயில், மெத்தையில் வைத்து ஓட்டவே கூடாது.

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார், வேதாரண்யம் என்று கடலோரம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று உண்டு. காற்றை அதிகம் இழுக்கும் மெஷினுக்குள் உப்பும் அதிகம் போகும். ராத்திரி மூடிப் பைக்குள் வைக்கும் பழக்கம் நல்லது. சின்ன லேப்டாப்பில் அது சுலபம்.

ஆறாம் படி: அட்டையில் இருக்கும் எழுத்தைப் படிப்பது

பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். யு என்றால் 15 வாட்டை ஒட்டிய சிக்கன வகை, எச் என்றால் 45 வாட்டை ஒட்டிய வேக வகை, எச்.எக்ஸ். அதற்கும் மேல். ஐ5, ஐ7 என்ற பெருமையைவிட இந்த எழுத்து அதிகம் சொல்லும். புதுப் பெயரில் பழைய சரக்கும் வரும். ஏ.எம்.டி.யின் ரைசன் 5 7520யு பெயரில் 7000 இருந்தாலும் உள்ளே இருப்பது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைக் காட்டும்: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4.

ரேம் போர்டிலேயே பற்றவைத்ததா, பிறகு மாற்றலாமா என்று கேளுங்கள். சின்ன லேப்டாப்புகளில் பல பற்றவைத்தவை. இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசஸரோடு ஒரே பொதியில் வருகிறது, 16 அல்லது 32 ஜி.பி. மட்டும்; கூட்டவே முடியாது. "8 வாங்கிட்டு அப்புறம் போட்டுக்கலாம்" என்ற பழைய யோசனை இப்போது இன்னும் வலிக்கும், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது. முதலிலேயே 16 எடுத்துவிடுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டில் பெயர் மட்டும் போதாது. கடையில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"தம்பி, 4060 போட்டது. எல்லாமே ஓடும்."

"அண்ணே, கார்டு எத்தனை வாட்டுல ஓடும்?"

"அதெல்லாம் யாரும் கேக்குறதில்லப்பா."

கேட்க வேண்டும். லேப்டாப்புக்கான ஆர்.டி.எக்ஸ். 4060-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் ஓட வைக்க என்விடியா அனுமதிக்கிறது. குறைந்த வாட்டில் ஓடும் 4060, முழு வாட்டில் ஓடும் 4050-ஐவிடப் பின்தங்கிவிடலாம். கம்பெனி தளத்தில் அந்த மாடலின் பக்கத்தில் டி.ஜி.பி. (கார்டுக்குக் கிடைக்கும் வாட்) என்று தேடினால் எண் இருக்கும். கார்டின் மெமரியையும் பாருங்கள்: 4050-இல் 6 ஜி.பி., 4060-இல் 8.

ஏழாம் படி: இரண்டையும் வாங்கும் வழி

லேப்டாப்தான் வேண்டும் என்று யார் சொன்னது? கனமான வேலை எப்போதும் ஒரே அறையில் நடக்கிறது என்றால் அங்கே ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்து, வெளியில் கொண்டுபோக எளிய சின்ன லேப்டாப் ஒன்று வைத்துக்கொள்வது பல ஸ்டுடியோக்களுக்குப் பொருந்தும். அதே பெயருள்ள கார்டு டெஸ்க்டாப்பில் அதிக வாட்டில் ஓடும், சூடு குறைவு, தூசி தட்டுவது சுலபம், ஒரு பாகம் போனால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். லேப்டாப்பில் கார்டு போனால் மதர்போர்டே போன மாதிரி. மண்டபத்திலேயே கேமராவின் மெமரி கார்டை இறக்கி பேக்கப் எடுக்கவும், மாப்பிள்ளை வீட்டாரிடம் செலக்ஷன் காட்டவும் சின்ன லேப்டாப் போதும். மண்டபத்திலேயே உட்கார்ந்து அன்றைக்கே ஹைலைட் வீடியோ எடிட் செய்து திரையில் ஓட விடுபவருக்குத்தான் பவர்ஃபுல் லேப்டாப் தவிர வேறு வழி இல்லை.

பட்ஜெட் இருந்தால் நடுவழியும் உண்டு: 14 அங்குலத்தில் தனி கார்டு வைத்து, ஒன்றரை கிலோவைச் சற்றுத் தாண்டும் மாடல்கள். விலை லட்சத்தைத் தாண்டும், ஃபேன் சத்தம் போடும். அப்பா காசில் வாங்குபவருக்கு நான் சொல்வதில்லை.

எட்டாம் படி: கடை, பில், வாரன்டி

ஆன்லைனில் வாங்கினாலும் முதலில் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஒரு ஷோரூமில் அந்த மாடலைக் கையில் தூக்கிப் பார்த்துவிடுங்கள். மூடியை ஒரு கையால் திறக்க முடிகிறதா, கீபோர்டு நடுவில் அமுங்குகிறதா என்பதெல்லாம் போட்டோவில் தெரியாது. சார்ஜரையும் கையில் வாங்கிப் பாருங்கள், அதுவும் உங்கள் பையில்தான் வரப்போகிறது.

வாரன்டி ஆன்சைட்டா, நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதா என்று கேளுங்கள். ஆன்சைட் என்று போட்டிருந்தாலும் உங்கள் பின்கோடுக்கு உண்டா என்பதைக் கம்பெனியின் கஸ்டமர் கேரில் உறுதி செய்துகொள்ளுங்கள். திருத்துறைப்பூண்டியில் இருப்பவர் ஒரு கீ வேலை செய்யவில்லை என்பதற்காகத் திருச்சி போய் வருவது ஒரு நாள் வேலை. பவர்ஃபுல் மாடலுக்கு உள்ளே சூடாகும் பாகம் அதிகம் என்பதால் இரண்டாம், மூன்றாம் வருட வாரன்டிக்குப் பணம் போடுவது வீண் இல்லை. சின்னதுக்கு, தினமும் பஸ்ஸில் போகிறதென்றால், கீழே விழுந்தால் ஈடு செய்யும் திட்டத்தைப் பாருங்கள்.

லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். தொழிலுக்கு வாங்குபவர் ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருந்தால், பில்லில் தன் ஜி.எஸ்.டி. எண்ணைப் போடச் சொல்லி வாங்க வேண்டும். கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடிகிறவருக்கு அது பெரிய தொகை. பில் வீட்டுப் பெயரில் போய்விட்டால் பிறகு அலைச்சல்தான்.

ஒன்பதாம் படி: வாங்கிய முதல் வாரம்

பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவிடுங்கள். சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு வாரன்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். பில் தேதியோடு ஒத்துப்போகாவிட்டால் பில்லைக் காட்டித் திருத்தச் சொல்ல வேண்டும். திரையை முழுக்க வெள்ளையாகவும் கறுப்பாகவும் வைத்து, செத்த புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். பவர்ஃபுல் மாடல் என்றால் உங்கள் கனமான வேலையையே ஒரு மணி நேரம், மதிய வெயில் நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். சூட்டில் தானாக அணைந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் தெரிந்துவிடும். சின்னது என்றால் முழுச் சார்ஜில் ஒரு நாள் வழக்கமான வேலை பார்த்து எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் சொருகியே வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால் கம்பெனியின் செயலியில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். பராமரிப்பு மின்தடை அறிவிப்பு வந்தால் முந்தின நாள் ராத்திரி மட்டும் அதை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றிக்கொள்ளலாம்.